கூரை விழவில்லை, இறங்கி வந்தது

மோக்ஸ் இன்டர்நேஷனல் பொறியியல் கல்லூரியில் கூரை இடிந்து விழுந்து ஒரு வாரமாகியும், அந்தக் கூரை என்ன செய்தது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. 'ஃபால்' ஆனதா, 'கொலாப்ஸ்' ஆனதா, 'டிராப்' ஆனதா, 'ஸ்லிப்' ஆனதா என்று முடிவு செய்ய ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தார்கள். செம்பட்டி ரோட்டில் போகிற பால்காரரைக் கூப்பிட்டு அந்தக் குவியலைக் காட்டினால், 'இடிஞ்சு விழுந்து கிடக்கு' என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போவார். ஆனால் தமிழில் சொல்வார். தமிழில் சொன்ன எதுவும் அந்தக் காம்பவுண்டுக்குள் நடந்ததாகக் கணக்கில்லை.

கூரை விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஜீனத். கல்லூரியில் அலுவலக உதவியாளர். பேகம்பூரில் வாடகை வீடு. கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு, மவுத்தாகிவிட்டார். மகள் ஃபர்ஹீன் இதே கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம். அம்மாவின் வேலை போனால் மகளின் சலுகை போகும், சலுகை போனால் படிப்பு போகும். அதனால் தாளாளர் அறையில் மணி அடித்தாலே என்ன தப்புச் செய்தோம் என்று ஜீனத் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவளைத்தான் சாட்சி சொல்ல வா என்று கூப்பிட்டிருந்தார்கள்.

இந்தக் கல்லூரிக்கு இப்படி ஒரு பேய் பிடித்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைக் கட்டக் காசு போட்டவர் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்த மொக்கைச்சாமி. கடைசி வரை கைநாட்டுத்தான். பெருவிரலை மையில் ஒற்றி ஒற்றியே நிலம் வாங்கினார், லாரி வாங்கினார், கல்லூரிக்கு இடமும் வாங்கினார். மகன் விக்னேஷ்குமார் தாளாளர் ஆனதும் முதல் வேலையாக மொக்கைச்சாமியை 'மோக்ஸ்' ஆக்கினார். வேட்டி துண்டோடு இருந்த அப்பாவின் படத்துக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டிவிட்டார். கழுத்துக்கு மேலே மண்டிக்காரர், கழுத்துக்குக் கீழே மந்திரி.

விக்னேஷ்குமார் ஒருமுறை தில்லிக்கு ஏதோ கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒரு பெரிய மனிதர், 'நான் சொன்னதை ஹியர் பண்ணீர்களா, லிசன் பண்ணீர்களா?' என்று கேட்டிருக்கிறார். இவர் 'போத் சார்' என்றிருக்கிறார். கூட்டமே சிரித்துவிட்டது. எதற்குச் சிரித்தார்கள் என்று விமானத்தில் திரும்பி வரும் வரைக்கும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு தாங்கவில்லை. திண்டுக்கல் வந்து சேர்ந்ததும் முதல் ஆணை போட்டார்: வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டும். இரண்டாவது ஆணை: ஒன்றுபோலத் தோன்றும் வினைச்சொற்களுக்குள் எது சரியானது என்று தேர்ந்து சொல்ல ஒரு தனித் துறை. அதற்குக் கிளாரா மேடம் டீன். உலகத்தில் வேறெங்கும் வினைச்சொல்லுக்கு டீன் கிடையாது என்று விளம்பரத்தில் போட்டார்கள். அது உண்மைதான், வேறெங்கும் தேவைப்பட்டிருக்காது.

கடைநிலை ஊழியர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் வழி செய்தார். கழுத்தில் ஒரு அட்டை. அதில் அனுமதிக்கப்பட்ட நாலு வாக்கியம். 'குட் மார்னிங் சார்', 'சாரி சார்', 'ஐ வில் இன்ஃபார்ம்', 'ப்ளீஸ் வெயிட்'. இந்த நாலுக்குள் அடங்காத எதுவும் அவர்களுக்கு நேரக்கூடாது என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. நேர்ந்துகொண்டுதான் இருந்தது. நூலகத்துக்குள் ஒரு சாரைப்பாம்பு நுழைந்தபோது காவலாளி பீர் முகமது அதைப் பார்த்து 'ப்ளீஸ் வெயிட்' என்று சொல்லிவிட்டு, நூலகரிடம் ஓடி 'ஐ வில் இன்ஃபார்ம்' என்றார். நூலகர் 'எஸ், இன்ஃபார்ம்' என்றார். பீர் முகமது அதற்கு மேல் வாக்கியம் இல்லாமல் நின்றார். பாம்பு வெயிட் பண்ணவில்லை.

தமிழ் பேசி மாட்டியவர்கள் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். மறுபடி மாட்டினால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஜீனத்தின் பெயர் ஏற்கெனவே வாசிக்கப்பட்டிருந்தது. தும்மிவிட்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லிவிட்டாள். அது தமிழ் இல்லையே என்று கிளாரா மேடம் மெல்ல எடுத்துச் சொல்லிப் பார்த்தார். 'இங்கிலீஷும் இல்லையே' என்றார் தாளாளர். அன்றிலிருந்து ஜீனத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

இப்போது கூரைக்கு வருவோம். ஆங்கிலச் சிறப்பு மண்டபம் என்று ஒன்று கட்டினார்கள். கட்டியவர் தாளாளரின் மச்சினன். மேலே பொய்க்கூரை, அதில் பிளாஸ்டரில் செய்த ரோஜாப் பூக்கள், தங்க வண்ணத்தில் ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒரு ஆள் கனத்தில் சரவிளக்கு. திறப்பு விழா அன்று பெய்த மழையிலேயே ஒழுகியது. ஆங்கிலம் சம்பந்தப்பட்ட எந்தக் கூட்டமும் இந்த மண்டபத்துக்கு வெளியே நடக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு ஆணை.

கூரை விழுந்த அன்று காலை பொன்னழகு மண்டபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாடிக்கொம்பிலிருந்து வருகிற துப்புரவுப் பணியாளர் அவள். ஜீனத்துக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் இருந்த ஒரே சிநேகிதி. சமையல்கட்டுப் பின்னால் ஒளிந்து நின்று இரண்டு பேரும் குசுகுசுவென்று தமிழ் பேசுவார்கள், ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி வெஞ்சனத்தை அள்ளித் தின்பாள். ஜீனத் கோப்புகளையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். தலைக்கு மேலே 'பட்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தாள். கூரையில் ஒரு கோடு விழுந்து, சுவரிலிருந்து ஓடி வந்து, பொன்னழகு தலைக்கு நேர் மேலே வாயைத் திறந்தது.

'ஓடுடி பொன்னு' என்று கத்த வேண்டும். கத்த வாயையும் திறந்துவிட்டாள். வாசலில் கிளாரா மேடம் முதுகைக் காட்டிப் போன் பேசிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஃபர்ஹீன் முகம் கண்ணுக்குள் வந்தது. கழுத்து அட்டை வந்தது. அந்த நாலில் எது இதற்குப் பொருந்தும் என்று தேடிய மனசு, கிடைத்ததைத் தூக்கி வெளியே போட்டது.

"ப்ளீஸ் வெயிட்!" என்று கத்தினாள் ஜீனத்.

பொன்னழகு மாப்புக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கூரை அவள் காலில் விழுந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் பொன்னழகு காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். எலும்பு இரண்டாக முறிந்திருந்தது, உள்ளே பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். ஜீனத் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதுமே அழுதுவிட்டாள்.

"என்னைய நல்லா ஏசிப்புடு பொன்னு. ஓடுன்னு சொல்ல வேண்டிய நேரத்துல நில்லுன்னு சொல்லிட்டேன். அல்லா எனக்கு நல்லதே செய்ய மாட்டான்."

"எதுக்குக்கா ஏசணும்? நீ வெயிட்டுன்ன, நான் நின்னேன். டீனம்மா வேற வாசல்ல நிக்கிறாக. வெயிட்டுன்னா நிக்கணும்ல?" என்றாள் பொன்னழகு. கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் ஜீனத்துக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட இரண்டு வாய் சோறு இறங்கியிருக்கும்.

"நர்சம்மா ஒண்ணு சொன்னாகக்கா. வேலை பார்க்கையில அடிபட்டுச்சுன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்தா, நான் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் ஏதோ கொஞ்சம் சம்பளம் வருமாம். நீதானே கூட இருந்த. அதை மட்டும் வாங்கிக் குடுத்துரு. வேற எதுவும் வேணாம்."

"வாங்கித் தாரேன். என் புள்ள மேல சத்தியமா வாங்கித் தாரேன்" என்றாள் ஜீனத். எந்தப் பிள்ளை மேல் சத்தியம் செய்தாளோ, அந்தப் பிள்ளையின் படிப்பு தாளாளர் கையில் இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் கிளாரா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார், பிறகு ரகசியமாகத் தமிழில் பேசினார்.

"ஜீனத், அடுத்த வாரம் தர மதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள அறிக்கை முடியணும். நாளைக்கு சார் என்ன வார்த்தை சொல்றாரோ, அதுக்கு எஸ்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க. நீங்களா எதுவும் சொல்லிறாதீங்க."

"மேடம், பொன்னழகுக்கு வேலையில அடிபட்டுச்சுன்னு எழுதுவாங்கள்ல?"

கிளாரா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பயந்துதான் வேலை பார்க்குறேன், ஜீனத். எனக்கும் வீட்டு லோன் இருக்கு" என்றார். அப்போதுதான் ஜீனத்துக்கு ஒன்று உறைத்தது. இவர் தாளாளருக்குப் பயப்படுகிறார், தாளாளர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் பயப்படுகிறார், கல்லூரி முதல்வர் எல்லாருக்கும் பயப்படுகிறார். இத்தனை பேர் பயமும் உருண்டு திரண்டு கடைசியில் தன் தலையில்தான் வந்து விடியும். அதை நினைத்ததும் இருந்த தெம்பும் போயிற்று.

விசாரணை எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அதே மண்டபத்தில்! விசாரிக்கப் போவது ஆங்கில வார்த்தைகளை. ஆங்கிலம் சம்பந்தப்பட்ட கூட்டத்தை வேறு எங்கும் நடத்தக் கூடாதே. மண்டபத்தில் பாதிக் கூரைதான் விழுந்திருந்தது. மீதிப் பாதி மேடைக்கு மேலே சரவிளக்கோடு தொங்கியது. அதற்கு நேர் கீழே மேசையைப் போட்டுத் தாளாளர் நடுவிலும், முதல்வரும் கிளாரா மேடமும் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கோட்டு மாட்டிய மொக்கைச்சாமி.

நடைமுறை ஒன்று உண்டு. விளக்கம் சொல்லத் தமிழ் பேசலாம் என்று தாளாளர் பெரிய மனசு பண்ணி அனுமதித்திருந்தார். ஏனென்றால் அவருக்கே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் மூச்சு வாங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் 'வித் யுவர் பெர்மிஷன்' சொல்ல வேண்டும். தாளாளரும் சொல்வார், தனக்குத் தானே தலையாட்டி அனுமதித்துக்கொள்வார்.

ஜீனத் மேசைக்கு எதிரே நின்றாள். கையில் மைப்பெட்டி, முத்திரை.

"வித் யுவர் பெர்மிஷன்," என்று எழுந்தார் தாளாளர். "எல்லாத்துக்கும் காரணம் வார்த்தைதானுங்க. எங்கப்பா மண்டியில தக்காளி அழுகிப்போனா, அழுகிருச்சுன்னே சொல்லுவாருங்க. அதனாலதான் கடைசி வரைக்கும் மண்டியோடவே நின்னுட்டாரு. நான் அதே தக்காளிய 'ரைப்பன்' ஆயிருச்சுன்னு சொன்னேன். காலேஜ் கட்டிப்போட்டேன். ஒரு கட்டடம் விழறதும் விழாததும் நம்ம சொல்ற வெர்புல இருக்குதுங்க."

முதல்வர் கை தட்டினார். தட்டிய அதிர்வோ என்னவோ, மேலேயிருந்து ஒரு பொட்டு வெள்ளைப் பொடி மேசையில் விழுந்தது. ஜீனத்தைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"டீன், கூரை என்ன பண்ணுச்சு?"

"வித் யுவர் பெர்மிஷன் சார். 'கொலாப்ஸ்'னா பலவீனம் இருந்துச்சுன்னு அர்த்தம் வரும்."

"மச்சினன் பேரு கெட்டுப்போகும். வேண்டாம்."

"'டிராப்'னா யாரோ கீழ போட்டாங்கன்னு வரும். 'ஃபால்' பொதுவான சொல்லு சார், ஆனா எதுக்கு விழுந்துச்சுன்னு கேள்வி கேட்பாங்க."

"கேள்வி கேக்காத சொல்லாச் சொல்லுங்க."

கிளாரா மேடம் குறிப்பேட்டைப் புரட்டினார். "'டிசெண்ட்' சார். ஏரோப்ளேன் டிசெண்ட் ஆகுது. கல்யாண மண்டபத்துல பொண்ணு மாடிப்படியில டிசெண்ட் ஆகுறா. அதுல யார் மேலயும் தப்பு இல்ல. நிதானமா, தானா விரும்பி இறங்கி வர்றது."

"அதுல ஒரு மரியாதை இருக்குது" என்றார் முதல்வர்.

கூரை விழவில்லை, இறங்கி வந்தது என்று அறிக்கையில் ஏறியது. ஜீனத் கண் முன்னால் அது இறங்கி வரவில்லை. பொன்னழகு போட்ட அலறல் இன்னும் காதில் இருந்தது.

அடுத்தது பொன்னழகு. கூரை அவளை 'ஹிட்' பண்ணியது என்றால் கூரை மேல் வழக்கு வரும். 'டச்' என்றால் வேறு மாதிரி வழக்கு வரும். 'என்கவுன்டர்' என்று கிளாரா மேடம் சொன்னதும் முதல்வர் பதறி, போலீஸ் வந்துவிடும் என்றார். நீண்ட யோசனைக்குப் பிறகு 'ரிசீவ்' என்று முடிவானது. கூரை டிசெண்ட் ஆனது, பொன்னழகு ரிசீவ் பண்ணினாள். கல்லூரிப் பொருளை ரிசீவ் பண்ணியவர் அதைச் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும் அல்லவா என்று முதல்வர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அவள் கால் மேல் பட்டுத்தானே ரோஜாப் பூ நொறுங்கியது? அதற்கு அவளிடம் விளக்கம் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

"அந்தக் காலுக்கு என்ன வார்த்தை?" என்றார் தாளாளர்.

"'இன்ஜூர்' இருக்கு, 'ஹர்ட்' இருக்கு சார். 'இன்ஜூர்'னா விபத்துல உடம்புல அடிபடறது. 'ஹர்ட்'னா உடம்புக்கும் சொல்லலாம், மனசு நோகறதுக்கும் சொல்லலாம்."

"இன்ஜூர்னு எழுதினா?"

"வேலையில அடிபட்டதா ஆகும். சம்பளம், வைத்தியச் செலவு…"

"ஹர்ட்னு எழுதுங்க. மனசு நொந்ததுக்குப் பூச்செண்டு அனுப்பினாப் போதும்."

கிளாரா மேடம் எழுதினார். எழுதும்போது ஜீனத் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீனத்துக்குப் பொன்னழகு கேட்டது நினைவு வந்தது. 'அதை மட்டும் வாங்கிக் குடுத்துரு' என்றாளே பாவி மகள்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எந்த வார்த்தை? அட்டையில் இருக்கிற நாலையும் மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். எதிலும் பொன்னழகு கால் இல்லை.

"இப்ப சாட்சி" என்றார் தாளாளர். "வித் யுவர் பெர்மிஷன். ஏம்மா, கூரை டிசெண்ட் ஆனப்ப நீ என்ன பண்ணுன? 'சீ' பண்ணுனயா, 'லுக்' பண்ணுனயா, 'வாட்ச்' பண்ணுனயா?"

ஜீனத் முழித்தாள். கிளாரா மேடம் அவசரமாக விளக்கினார். "'சீ'ன்னா தானா கண்ணுல படறது. 'லுக்'னா நீங்களா திரும்பிப் பார்க்குறது. 'வாட்ச்'னா நடக்குறதை விடாம கவனிக்கிறது. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"'லுக்'னா, வேலை நேரத்துல வேலைய விட்டுட்டு மேல எதுக்குப் பார்த்த? அதுக்கு மெமோ" என்றார் தாளாளர். "'வாட்ச்'னா, கவனிச்சுக்கிட்டே இருந்தும் ஏன் தடுக்கல? அதுக்கு டிஸ்மிஸ். 'சீ'ன்னு சொன்னா ஒண்ணும் இல்ல. ஆனா தானா கண்ணுல பட்டதுன்னா நீ சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம். அப்ப நீ சாட்சியே இல்ல. டிசெண்டுன்னு நாங்க எழுதினதுக்குக் கையெழுத்து மட்டும் போடு."

கிளாரா மேடம் கண்ணாலேயே 'சீ, சீ' என்று கெஞ்சினார். ஜீனத் அதைப் பார்க்கவில்லை. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரவிளக்கு தொங்கிய இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. மெல்லிய கோடு. அது சுவர்ப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. தாளாளரின் கோட்டுத் தோளில் மாவு தூவினதுபோல் வெள்ளைப் பொடி. ஜீனத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"சார், பாருங்க!" என்று கிளாரா மேடம் உற்சாகமாகக் கூவினார். மேலே பார்த்து அல்ல, ஜீனத்தின் முகத்தைப் பார்த்து. "இப்ப இவங்க பண்றது 'லுக்' இல்ல, 'ஸ்டேர்'. இமைக்காம வெறிக்கிறது."

"'கேஸ்', அதான் லயிச்சுப் பார்க்குறது, அப்படிச் சொல்லலாமா?" என்றார் முதல்வர், குனிந்து அவள் கண்ணை ஆராய்ந்து.

"கேஸ்னா ஒரு ரசனை வேணும் சார். இதுல பயம் இருக்கு."

"பயமாப் பார்க்குறதுக்கு இங்கிலீஷ்ல தனி வெர்பு இருக்குதுங்களா?" என்றார் தாளாளர், உண்மையான ஆர்வத்தோடு.

மூன்று பேரும் அவள் கண்ணையே பார்த்தார்கள். அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடு சரவிளக்கைச் சுற்றி வளைந்தது. உள்ளே ஏதோ கம்பி 'டங்' என்று விட்டுப்போன சத்தம்.

ஜீனத்தின் நாக்கு நுனிக்கு 'ப்ளீஸ் வெயிட்' வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அந்த நொடியில் மாப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னழகு கண்ணுக்குள் வந்தாள். வெயிட்டுன்னா நிக்கணும்ல?

"ஓடுங்க!" என்று கத்தினாள் ஜீனத். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. "எந்திரிச்சு ஓடுங்கய்யா! இடிஞ்சு விழுகுது! யா அல்லாஹ், ஓடுங்க!"

மண்டபம் அதிர்ச்சியில் உறைந்தது. கூரையைப் பார்த்து அல்ல.

"பெர்மிஷன் கேட்டியா?" என்று எழுந்தார் தாளாளர்.

"சார், இவங்க பண்ணது 'ஷவுட்' இல்ல, 'ஸ்க்ரீம்'" என்று கிளாரா மேடம் ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. ஜீனத் மேசையைச் சுற்றிப் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முதல்வர் அதற்குள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார். 'ரன்' என்ற சொல்லின் முழு அர்த்தமும் அன்றுதான் அந்தக் கல்லூரியில் வெளிப்பட்டது. தாளாளர் மட்டும் விரலை நீட்டி, "வித்தவுட் பெர்மிஷன்…" என்று மேசையைச் சுற்றி ஒரு எட்டு வைத்தார். அந்த ஒரு எட்டுத்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. சரவிளக்கு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் விழுந்தது. கூரை அவர் கையில் விழுந்தது.

"ஐயோ, அம்மா! இடிஞ்சு உழுந்துருச்சேடா! கை போச்சேடா! எவன்டா கட்டுனது இத? அடேய் மச்சினா, நாசமாப் போறவனே!"

யாரிடமும் பெர்மிஷன் கேட்கவில்லை.

பீர் முகமதும் ஜீனத்தும் சேர்ந்துதான் அவரை இழுத்து வந்து இருசக்கர வண்டிகள் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார வைத்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போகக்கூடாத திசையில் போயிருந்தது. ஜீனத் தன் கழுத்து அட்டையை நாடாவோடு கழற்றி, அதில் அந்தக் கையைத் தூக்கிக் கட்டினாள். தமிழில் கத்தியாயிற்று. டீனைத் தொட்டு இழுத்தாயிற்று. ஃபர்ஹீனுக்கு என்ன பதில் சொல்வது?

ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. தாளாளர் வலியிலும் விவரமாகத்தான் இருந்தார். "டீன், அறிக்கைய எடுங்க. கொலாப்ஸுன்னு மாத்துங்க. ரெண்டு தடவையும் கொலாப்ஸ். இன்சூரன்ஸ்காரன் வந்து கேட்பான். என் கைக்கு இன்ஜூர்னு எழுதுங்க. ஹர்ட்னு எழுதிறாதீங்க, எலும்பு முறிஞ்சு கெடக்குது! சாட்சிகிட்ட கையெழுத்து வாங்குங்க, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள."

கிளாரா மேடம் தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு, அத்தனை களேபரத்திலும் கையிலேயே வைத்திருந்த காகிதத்தை வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை ஜீனத்திடம் நீட்டினார்.

ஜீனத் பேனாவை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். தாளாளர் பெயருக்கு எதிரே புது வார்த்தை. பொன்னழகு பெயருக்கு எதிரே பழைய வார்த்தை அப்படியே இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. திறக்காவிட்டால் இனி அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கம் போக முடியாது என்பதும் தெரிந்தது.

"சார் கைக்கு எழுதுன வார்த்தையவே பொன்னழகு காலுக்கும் எழுதிருங்க மேடம்" என்றாள். "அதே கூரைதான். எழுதுங்க, அப்புறம் போடுறேன் கையெழுத்து."

கிளாரா மேடம் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் ஜீனத்தைப் பார்த்தார். முறைக்கத்தான் பார்த்தார். அதற்குள் கையில் ஒரு வலி சுண்டி இழுத்தது. "எழுதித் தொலைங்க, அம்மா…" என்று முனகினார். கிளாரா மேடம் 'ஹர்ட்'டை அடித்தார். அடித்த அடியில் காகிதம் கிழிந்தது. ரிசீவ் பண்ணியதையும், ரோஜாப் பூவுக்கு விளக்கம் கேட்ட வரியையும் யாரும் சொல்லாமலே சேர்த்து அடித்தார். ஜீனத் கீழே தமிழில் தன் பெயரை எழுதினாள்.

"சார், நீங்க போட்டாத்தான் செல்லும்" என்றார் முதல்வர்.

தாளாளர் நாடாவில் தொங்கிய வலது கையைப் பார்த்தார். அட்டை அதிலேயே ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தார், கோடுகூட வரவில்லை. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஜீனத் மண்டபத்திலிருந்து ஓடி வந்தபோதும் விடாமல் இடுப்பில் செருகியிருந்த மைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். பயம் போகவில்லை. இருந்தாலும் தாளாளரின் இடது பெருவிரலை அவளே பிடித்து மையில் ஒற்றி, அவர் அப்பா ஆயுசுக்கும் வைத்த மாதிரியே, காகிதத்தில் வைத்தாள்.

"செத்த நேரம் அழுத்திப் புடிங்க சார்" என்றாள்.